கேக் வேகும் நேரம்

— கொதிக்க விடாத. வெண்ணெய் உருகினா போதும், இறக்கு.

— வெண்ணெய் உருக்கக்கூடத் தெரியாதவனா நான்? முப்பத்தெட்டு வருஷம் மர மில்லுல வேலை பார்த்தவன்.

— அங்க வெண்ணெய் உருக்கினதா நீ சொன்னதே இல்லையே, ஹோல்கர்.

— சிரி. கையில மாவுக்கட்டோட நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு அதிகாரம் பண்றது சுகமாத்தான் இருக்கும்.

— தபால் பெட்டி வரைக்கும் ஐஸ் மேல மணல் தூவுன்னு மூணு தடவை சொன்னேன். தூவியிருந்தா நான் வழுக்கி விழுந்திருக்க மாட்டேன். நீயும் இந்தப் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டியிருக்க வேண்டாம்.

— சரி கிழவி. அடுத்தது என்ன?

— ரெண்டு முட்டை, ரெண்டு டெசி சர்க்கரை. வெளுத்து நுரைக்கிற வரைக்கும் அடி.

— டெசி எது?

— அளவுக் கரண்டிக் கொத்துல இருக்கறதுலயே பெருசு. நாப்பது வருஷமா அந்த ஆணியிலதான் தொங்குது.

— நாப்பது வருஷமா நீதானே எடுத்த. கடையில இதே கேக்கை அழகா பெட்டியில போட்டு வச்சிருக்கான். வாங்கிட்டு வந்திருப்பேன்.

— நம்ம வீட்டுக்கு வர்ற தூவாவுக்குக் கடைக் கேக் வைக்கச் சொல்றியா? ஸ்டீனா ஒரு வாரமா நாள் எண்ணிக்கிட்டிருக்காளாம்.

— ஸ்டீனாவுக்கு வை. அவ என் பேத்தி. அவ அம்மாவுக்கு எதுக்கு? கூடவே அந்த பஸ் டிரைவருக்கு வேற.

— அவனுக்கு மத்தியாஸ்னு ஒரு பேர் இருக்கு.

— என் பையன் கட்டின வீட்டுல, என் பையன் போட்ட அடுப்புல விறகு வச்சுக் குளிர் காயறவன் பேரு எனக்கு எதுக்கு?

— நுரைச்சிருச்சா பாரு.

— நுரைச்சிருச்சு.

— இப்ப மசாலா. பட்டைப்பொடி ரெண்டு சின்னக் கரண்டி. இஞ்சிப்பொடி ஒண்ணு, ஏலக்காய்ப்பொடி ஒண்ணு. கிராம்புப்பொடி ஒண்ணு, கரண்டியைத் தலை வழிச்சுப் போடு. ஏறிச்சுன்னா கேக்கு பல் டாக்டர் ரூம் மாதிரி மணக்கும்.

— விதாருக்குக் கிராம்பு தூக்கலா இருக்கணும்.

— இன்னிக்கு அவன் சாப்பிடல.

— நீ இப்படிப் பேசிப் பேசித்தான்...

— என்ன, பேசிப் பேசி?

— ஒண்ணுமில்ல. மாவு எவ்வளவு?

— மூணு டெசி. சமையல் சோடாவை மாவோட கலந்துடு. அப்புறம் புளிச்ச பால், வெண்ணெய், கடைசியா லிங்கோன் பழ ஜாம். மெதுவா. கேக்கை அடிச்சுத் துவைக்கக் கூடாது.

— நான் யாரையும் அடிக்கல.

— ஹோல்கர், பிறப்பு இறப்பு பதியற வரி அலுவலகத்துல இருந்து ஒரு கடிதம் வந்துச்சு, இல்ல?

— எந்தக் கடிதம்?

— நீ படகுக் கொட்டகையில வலைக்கு அடியில ஒளிச்சு வச்சது.

— அங்க போய் எதுக்கு நோண்டின?

— நோண்டல. எனக்கும் ஒண்ணு வந்தது. அம்மாவுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணுன்னு பேர் போட்டுத் தனித்தனியா அனுப்பியிருக்காங்க. நீ என்னைக் காப்பாத்தறதா நெனைச்சு ஒளிச்சிருக்க. நான் உன்னைக் காப்பாத்தறதா நெனைச்சு வாயைத் திறக்கல.

— எத்தனை நாளா?

— டிசம்பர் லூசியா தினத்துக்கு ஒரு மாசம் முன்னாடியிருந்து.

— அப்போ தெரியும். உன் தூவா என்ன பண்ணியிருக்கான்னு தெரிஞ்சும் அவளுக்குக் கேக் சுடச் சொல்ற. என்னைக் கொண்டே.

— விதார் இறந்துட்டான்னு பதிஞ்சு தரச் சொல்லி மனு போட்டிருக்கா. அஞ்சு வருஷம் முடிஞ்சா யாரும் போடலாம்.

— அவ யாரோ இல்ல. அவன் குழந்தையைப் பெத்தவ.

— அதனாலதான் போட்டிருக்கா. அச்சுல வெண்ணெய் தடவு, மூலையெல்லாம். ரஸ்க் தூள் தூவு. மாவு இல்ல, ரஸ்க் தூள். தட்டு. மிச்சத்தைக் கொட்டு.

— இருபதாம் தேதிக்குள்ள யாரும் எதுவும் சொல்லலைன்னா அவன் செத்தவன். வரி கேக்கறவன் சொன்னா என் பையன் செத்துடுவானா? எழுதி வச்சுக்கோ சிக்னே, அது நடக்காது.

— முதல்ல ஊத்து. ஓவன்ல கீழ்த்தட்டுல வை. நூத்தி எழுபத்தஞ்சு.

— வச்சாச்சு.

— நாப்பத்தஞ்சு நிமிஷம். நடுவுல திறந்து பார்க்காத, அமுங்கிடும். இப்படி வந்து உட்காரு. நீ பதில் எழுதிட்ட, இல்ல?

— எழுதிட்டேன்.

— எங்க?

— சட்டைப் பையில. நாளைக்குக் காலையில பஸ் ஏறி நானே கொண்டு போய்க் குடுக்கப் போறேன்.

— படி.

— எதுக்கு?

— நானும் அவனைப் பெத்தவதானே. படி.

— 'என் மகன் விதார் காணாமல் போனது ஜனவரி ஒன்பதாம் தேதி. அதே வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு அவன் எனக்குப் போன் செய்தான். நம்பர் தெரியவில்லை. பதினொரு நிமிடம் இணைப்பில் இருந்தான். ஆகவே அவன் உயிரோடு இருக்கிறான். மனுவைத் தள்ளுபடி செய்யவும்.' அவ்வளவுதான்.

— அவன் ஒரு வார்த்தை பேசினானா?

— பேசலைன்னு ஆயிரம் தடவை சொல்லியாச்சு. மூச்சு விட்டான். அப்புறம் அழுதான். பெத்த பிள்ளை அழறது எனக்குத் தெரியாதா?

— அவன் சறுக்குவண்டி உறைஞ்ச தண்ணி மேல, ஐஸ் விளிம்புல கிடந்துச்சு, ஹோல்கர். நடுவுல நீரோட்டம் இருக்கற இடம். மறுநாள் காத்துல ஐஸ் பூரா உடைஞ்சு போயிருந்துச்சு. முக்குளிக்கிறவங்க நாலு நாள் தேடினாங்க.

— தேடிக் கிடைச்சானா? கிடைக்கல. முன்னாடி ஒரு தடவை நார்வேக்குப் போய் மூணு மாசம் மீன் கம்பெனியில வேலை பார்த்தான். ஒரு கார்டு கூடப் போடல. அன்னிக்கும் தூவாவோட சண்டை. வண்டியை விட்டுட்டு அக்கரையில பஸ் பிடிச்சிருப்பான்.

— ஆறு மாசக் குழந்தையை விட்டுட்டா?

— நீயே யோசி கிழவி. ரெண்டு நாள் முன்னாடிதான் பனி கொட்டியிருந்துச்சு. பனி மூடின ஐஸ் அடியில தேயும்னு இந்தக் கரையில சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விதாருக்குத் தெரியாதா? துளை போட்டு அளக்காம காலை வைக்கிற ஆளா அவன்?

— இல்ல. யாராவது அளந்து சொன்னாத்தான் வைப்பான்.

— அதான் சொல்றேன். அவன் ஐஸ்ல போகவே இல்ல.

— போலீஸ் வந்து கேட்டாங்களே, அன்னிக்குக் காலையில அவனை யார் பார்த்தீங்கன்னு.

— நான் பார்க்கலைன்னு அப்பவே சொன்னேன்.

— ம். சொன்ன. காபி போடறியா? எனக்கு ஒத்தைக் கையால முடியாது.

— அவங்க வந்ததும் போடலாம்.

— தூவா நேத்து போன் பண்ணா. ரொம்ப நேரம் அழுதா. புனிதர் தினத்தன்னிக்கு ஊரே கல்லறையில விளக்கு ஏத்துது. இவ மட்டும் படகுத்துறைக்குப் போய் ஏத்தறா, காத்துல அணைஞ்சிடுதாம். ஸ்டீனா கேக்கறாளாம், நம்ம விளக்கு மட்டும் ஏம்மா நிக்கறதில்லன்னு.

— கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. அவன் வந்து சொல்லுவான் பதில்.

— போன கிறிஸ்துமஸுக்கு ஸ்டீனா என்ன பண்ணான்னு உனக்குத் தெரியுமா? மூணு மணிக்கு எல்லாக் குழந்தைங்களும் டிவி முன்னாடி கார்ட்டூன் பார்க்குது. இவ பார்க்கல. தூவாவோட போனை மடியில வச்சுக்கிட்டு நடையில உட்கார்ந்திருந்தாளாம். பரிசு பிரிக்கக் கூப்பிட்டா வரல. அப்பா கிறிஸ்துமஸுக்குத்தான் போன் பண்ணுவாரு, தாத்தா சொன்னாருன்னு.

— நான் சொன்னதுல என்ன தப்பு?

— தூங்கற வரைக்கும் உட்கார்ந்திருந்தா. ஆறு வயசுக் குழந்தை. இந்த வருஷமும் உட்காருவா. அடுத்த வருஷமும்.

— நம்பிக்கை இருந்தா உட்காரட்டுமே. எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு, சிக்னே. அந்தப் பதினொரு நிமிஷம் இல்லைன்னா நான் இன்னிக்கு இங்க உட்கார்ந்து ஜாம் கிண்டிக்கிட்டு இருக்க மாட்டேன்.

— தெரியும்.

— என்ன தெரியும் உனக்கு?

— அந்த போன் வந்த அன்னிக்குத் துப்பாக்கி அலமாரிச் சாவி இடத்துல இல்ல.

— ஓவனை ஒரு தடவை பார்த்துட்டு வர்றேன்.

— நீ எதுவும் சொல்ல வேண்டாம்.

— இவ்வளவு நாள் கேக்கல.

— கேட்டா சாவியை எங்க வச்சேன்னு நீ பொய் சொல்லணும். எதுக்கு?

— நீ அப்போ வீட்டுலயே இல்லையே. லிண்டெல் வீட்டுக்குப் போயிருந்த, குழாய் உறைஞ்சிருச்சான்னு பார்க்க.

— ஆமா. அவங்க ஸ்டாக்ஹோம்ல, வீட்டுச் சாவி நம்மகிட்ட. மேட்டு மேல அவங்க சமையலறை ஜன்னல்ல இருந்து பார்த்தா நம்ம படகுக் கொட்டகை தெரியும். கொட்டகை விளக்கு வெளிச்சத்துல நீ போறதைப் பார்த்தேன். கையில போர்வை சுத்தி நீளமா என்னமோ இருந்துச்சு.

— போதும்.

— முட்டி ஆழம் பனி. ஓடி வந்தாலும் இருபது நிமிஷம். என் போன் வீட்டுல சார்ஜ்ல கிடந்துச்சு.

— என்ன சொல்ல வர்ற நீ?

— அவங்க சமையலறைச் சுவத்துல பழைய போன் ஒண்ணு இருக்கு. நம்பர் காட்டாது.

— இல்ல.

— ஹோல்கர்.

— இல்ல. நீ பொய் சொல்ற. தூவாவுக்காகச் சொல்ற. நேத்து ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கீங்க.

— எடுத்ததும் 'விதாரா?'ன்னு கேட்ட. வீட்டுக்குள்ள வா, காபி ஆறுதுன்னு சொல்லத்தான் போன் பண்ணேன். அந்தக் குரலைக் கேட்டதும் இல்லைன்னு சொல்ல வாய் வரல.

— யாரா இருந்தாலும் அப்படித்தான் கேப்பேன்னு நீயா யூகிக்கலாம். இது ஒரு அத்தாட்சியா?

— உட்காரு. ஓவன் கதவைத் திறக்காத.

— அஞ்சு வருஷம். அஞ்சு வருஷம் என் முகத்தைப் பார்த்துக்கிட்டே இருந்து சும்மா இருந்தியா?

— சாயங்காலம் நீ உள்ள வந்த. சாவியை ஆணியில மாட்டின. நாலு உருளைக்கிழங்கு சாப்பிட்ட. பதினொரு மாசத்துல முதல் தடவையா நீ ராத்திரி பூரா தூங்கின. நான் எப்படிச் சொல்ல? மறுநாள் சொல்லலாம்னு நெனைச்சேன். அப்புறம் கோடையில. அப்புறம் நீ ஸ்டீனாகிட்ட சொல்லிட்ட.

— நான் நம்ப மாட்டேன். எழுதி வச்சுக்கோ. நாளைக்கு இந்தக் காகிதம் போகும்.

— நீ குடுத்தா அவங்க விசாரிப்பாங்க. எந்த போன்னு தேடுவாங்க. அதிகாரி வந்து சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லணும்னு நெனைச்சேன். ஸ்டீனா வர்றதுக்கு முன்னாடி.

— சரி. நீதான்னே வச்சுக்குவோம். பதினொரு நிமிஷமும் நான் சும்மா இருக்கல, பேசினேன். என்ன பேசினேன்னு உன்கிட்ட சொன்னதில்ல. போலீஸ்கிட்ட சொன்னதில்ல. பாதிரியார் வீடு தேடி வந்தப்பவும் சொன்னதில்ல. போன்ல அந்தப் பக்கம் இருந்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

— சொல்லச் சொல்றியா?

— தெரிஞ்சாத்தானே சொல்லுவ.

— வேண்டாம் கிழவா. நீ அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டா போதும், நான் சாகற வரைக்கும் அதைப் பத்திப் பேச மாட்டேன்.

— சொல்லு, சிக்னே. நான் அவன்கிட்ட என்ன சொன்னேன்?

— 'பனி விழறதுக்கு முந்தின நாள் துளை போட்டேன், பத்து சென்டி ஐஸ் இருந்துச்சு, அதை வச்சுத்தான் தாங்கும், போடான்னு உன்கிட்ட சொன்னேன். உன் அம்மாவுக்குத் தெரிஞ்சா என் முகத்துல முழிக்க மாட்டா, அவகிட்ட மட்டும் சொல்லிடாத'ன்னு சொன்ன.