அபேனாவுக்குப் பக்கத்திலை இருக்கிற பிள்ளை

இல்லை அண்ணை, அந்தக் கதிரை வேண்டாம், அதின்ரை கால் ஆடும். இதிலை இருங்கோ. ஜன்னல் திறந்தே கிடக்கட்டும், கடற்காத்து வரும். சத்தம் போடப்போறியள் எண்டால் மட்டும் சொல்லுங்கோ, சாத்துறன். கீழ்வீட்டுச் சனத்துக்குத் தமிழ் விளங்காதுதான், ஆனா சண்டை எந்தப் பாஷையிலையும் விளங்கும்.

ஓம், சொல்லுங்கோ. வீடியோ. நானும் அதைத்தான் நினைச்சனான். பொன்னுருக்குக்கு ஒரு கிழமைதான் கிடக்கு. மாப்பிள்ளையின்ரை தகப்பன் நீங்கள், கடையைப் பூட்டிப்போட்டு, மனிசி சறோஜா அக்காவையும் விட்டிட்டு, ஒரேத்தோத் தெருவிலை இருந்து தனிய வந்திருக்கிறியள். தாலிக்கு எத்தினை பவுண் உருக்கிறது எண்டு கேக்கவோ வந்தனீங்கள்?

ஆர் அனுப்பினது? உங்கட ரொறொன்ரோத் தங்கச்சியோ? பாருங்கோவன். என்ரை மகள் கேசிகா இஞ்சை பலெர்மோவிலை, கால்சாப் பக்கம் இருந்து கதைச்சது, கனடாவுக்குப் போய்ச் சுத்தி ஒரேத்தோவுக்கு வந்திருக்கு. கீழை எழுதியிருந்ததையும் அனுப்பினவவோ? உங்கட மருமகளாய் வரப்போறவள் கறுப்புக் காப்பிலியளோடை இருந்து தனக்கு ரத்தத்திலை வருத்தம் எண்டு சொல்லுறாள், எண்டு? எனக்கும் வந்தது. ஏழெட்டுப் பேர் அனுப்பிச்சினம், கவலையோடை அனுப்பிறினமாம். ஒரு வசனத்துக்கை நாலு எழுத்துப்பிழை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை சிவப்புப் பேனையோடை இருந்து பழகின கை, சும்மா இருக்குமே? திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டன். பேந்து ஒருத்தரும் என்னோடை கதைக்கேல்லை.

சிரிக்கேல்லை அண்ணை. எனக்கு முகம் அப்பிடி.

சரி, நீங்கள் சொன்னதை நான் விளங்கிக்கொண்டது சரியோ பாருங்கோ. வீடியோவை அழிச்சால் பொன்னுருக்கு. அழிக்காட்டில் கலியாணம் இல்லை. அவ்வளவுதானே? நேராச் சொன்னியள், நல்லது. நானெண்டால் இதைச் சொல்ல அரைமணித்தியாலம் எடுத்திருப்பன்.

முழுக்கப் பாத்தனீங்களோ? இல்லை எல்லே. ஒருத்தரும் பாக்கேல்லை. கேசிகாவின்ரை முகம் வரும் வரைக்கும் பாக்கினம், பேந்து அனுப்பத் தொடங்கீடுவினம்.

வீடியோவிலை நடுவிலை இருக்கிற பிள்ளை அபேனா. உங்களுக்குத் தெரியாட்டிலும் உங்கட மோன் சிந்துஜனைக் கேட்டால் தெரியும். தாய் தகப்பன் கானா, பிறந்தது இந்த ஊரிலை. பாட்டெல்லாம் மீன்சந்தையிலை கதைக்கிற பலெர்மோப் பேச்சிலைதான் பாடுவாள். நான் பாத்துக்கொள்ளுற கிழவி சிஞ்ஞோரா இருக்கிறா எல்லே, அவ கறுத்த ஆக்களைக் கண்டால் கைப்பையை மற்றத் தோளுக்கு மாத்திறவ. அவவே அபேனா பாடினால் ரேடியோவைக் கூட்டி விடச் சொல்லுவா. ரேடியோவிலை நிறம் தெரியாது பாருங்கோ.

போன கோடைக்கு அவள் கடற்கரை மேடையிலை பாடிக்கொண்டு நிக்கேக்கை பாதிப் பாட்டிலை அப்பிடியே நிலத்திலை இருந்திட்டாள். சனம் கூவெண்டது. குடிச்சுப்போட்டு ஏறினவள் எண்டு அடுத்த நாள் எழுதினாங்கள். வெள்ளைப் பொம்பிளை மேடையிலை விழுந்தால் களைப்பு, கறுத்தவள் விழுந்தால் குடி. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கிடந்துகொண்டே சொன்னாள், எனக்கு அரிவாட்கல நோய், பிறந்ததிலை இருந்து, நோ வந்தால் எலும்புக்குள்ளை கண்ணாடித் துண்டை விட்டுக் கிண்டிற மாதிரி, இனி இதை ஒளிக்கமாட்டன் எண்டு.

ஓம், அரிவாள்தான். ரத்தத்திலை இருக்கிற சிவப்புக் கலம் வட்டமா இருக்கவேணும். இந்த வருத்தக்காரருக்கு அரிவாள் மாதிரி வளைஞ்சு போகும். சின்ன ரத்தக் குழாயளுக்குள்ளை கொழுவுப்பட்டு நிக்கும். இஞ்சை டாக்குத்தர்மார் ட்றெப்பானோ எண்டு தொடங்கித்தான் அதுக்குப் பேர் சொல்லுவினம், கிரேக்கத்திலை ட்றெப்பானோன் எண்டால் அரிவாள். த்ரப்பானி எண்டு பக்கத்திலை ஒரு பட்டணம் கிடக்கெல்லே, நீங்கள் உப்பு எடுக்கப் போறனீங்கள், அந்தப் பேரும் அந்த அரிவாள்தான். கடற்கரை அப்பிடி வளைஞ்சு கிடக்கிறதாலை...

சரி சரி, விட்டிட்டன். வாத்தியார்ப் புத்தி.

மற்றப் பக்கத்திலை இருக்கிற நெட்டையன் ஓசாஸ், பந்தடிக்கிறவன். அவனுக்கு வருத்தம் இல்லை. அவன் காவுறவன் மட்டும். தாயிட்டை இருந்து ஒரு பங்கு, தகப்பனிட்டை இருந்து ஒரு பங்கு எண்டு எங்களுக்கு எல்லாமே ரெண்டு பங்கா வரும். அதிலை ஒரு பங்கு மட்டும் பழுதெண்டால் ஆளுக்குப் பெரிசா ஒண்டும் செய்யாது. காவிக்கொண்டு திரிவான், அவ்வளவுதான். ரெண்டு பங்கும் பழுதெண்டால்தான் வருத்தம். அவன் இதைச் சொல்லவேண்டிய தேவையே இல்லை. சொன்னால் பந்தடிக்கிற கழகங்கள் யோசிக்கும், விலை குறையும். சொன்னவன். தன்ரை ஆக்கள் வெக்கத்திலை சோதிக்காமல் கலியாணம் கட்டிப் பிள்ளையளைப் பறிகுடுக்கினம் எண்டு சொல்லி, ஒரு பழைய வான் வண்டியிலை அபேனாவோடை ஊர் ஊராத் திரியிறான். பாட்டுக் கேக்க வாற சனத்துக்கு நேர்சுமார் ரத்தம் எடுத்துச் சோதிக்கினம். கேசிகா அப்பிடித்தான் குடுத்தவள். பாட்டுக் கேக்கப் போனவள், சிநேகிதப் பிள்ளையளோடை பகிடிக்குக் கையை நீட்டினவள்.

அவளும் காவுறவள், அண்ணை. வருத்தக்காரி இல்லை. அந்தச் சொல்லை நீங்கள் ரெண்டாம் தரமும் சொல்லிப்போட்டியள். முதல் தரம் விட்டிட்டன், இப்ப திருத்திறன்.

அவையின்ரை வருத்தம் எங்களுக்கு என்னெண்டு வரும் எண்டு நானும்தான் கேட்டனான். வெக்கமாத்தான் கிடக்கு, ஆனா கேட்டனான். அந்த டாக்குத்தர்ப் பிள்ளை சிரிச்சுப்போட்டுச் சொன்னாள், சிஞ்ஞோரா, எங்கட சிசிலிச் சனத்துக்கும் இருக்கு, எனக்கே சொந்தத்துக்குள்ளை இருக்கு எண்டு. மலேரியா அடிச்ச இடம் எல்லாம் இது கிடக்குமாம். காவுறவனை மலேரியா லேசிலை கொல்லாது, அதாலை அவன் தப்பிப் பிழைச்சுப் பிள்ளை பெறுவான். எங்கட வன்னியிலை மலேரியா இல்லையோ? எங்கட ஆக்களிலை குறைவுதான், ஆனா இல்லையெண்டு இல்லை. நுளம்பு தோலைத்தான் குத்தும், தோலின்ரை நிறத்தைப் பாத்துக் குத்தாது. அந்தளவு படிப்பு எங்களுக்குத்தான் இருக்கு.

கோவம் எண்டு சொல்லாதேங்கோ. கோவம் கோயிலிலை வந்தது. போன வெள்ளி அன்னதானத்துக்குப் பந்தியிலை இருக்கேக்கை, ஒரு மனிசி தன்ரை குஞ்சுப் பிள்ளையைக் கேசிகாவின்ரை மடியிலை இருந்து இழுத்து எடுத்தவ. தொட்டால் ஒட்டுமாம். முந்தின மாதம் வரைக்கும் அந்தக் குழந்தைக்குக் கேசிகாதான் சோறு தீத்தினவள். என்ரை பிள்ளை இலையைப் பாத்துக்கொண்டு சோத்தைப் பிசைஞ்சுகொண்டே இருந்தவள். வீட்டை வந்து கேக்கிறாள், அம்மா, அபேனாவைப் பாத்து ஆக்கள் கூவினவங்கள் எண்டு சொன்னனே, அவளுக்கு இப்பிடித்தான் இருந்திருக்குமோ எண்டு.

போன கிழமை பகேரியா பஸ்ஸிலை நானும் ஒரு நைஜீரியாப் பொம்பிளையும் பக்கத்திலை பக்கத்திலை இருந்து வாறம். ஒரு கிழவி ஏறி எங்கள் ரெண்டு பேரையும் பாத்து ஒரே சொல்லிலை சொல்லிப்போட்டுப் போறா, துர்க்கி எண்டு, கறுத்த அந்நியர் எல்லாருக்கும் இஞ்சை சொல்லுற சொல். நாங்கள் வேறை, அவை வேறை எண்டு எங்களுக்கு மட்டுந்தான் தெரியுது அண்ணை. பாக்கிறவைக்குத் தெரியேல்லை.

இல்லை, உங்களைச் சொல்லேல்லை. உங்களையும் சொல்லுறன், என்னையும் சொல்லுறன். சம்மந்தம் பேச வந்த அண்டைக்கு என்ன கேட்டனீங்கள்? ஊர் கேட்டியள், ஊருக்குள்ளை எந்தப் பக்கம் எண்டு கேட்டியள், அதுக்குள்ளை எந்த ஆக்கள் எண்டு கேட்டியள். சாதகம் கேட்டியள். பெர்மெஸ்ஸோ விசாவோ, பிரசாவுரிமையோ எண்டு கேட்டியள். சீனி வருத்தம் பரம்பரையிலை இருக்கோ எண்டு கூடக் கேட்டியள், அது நல்ல கேள்வி. பிள்ளை இன்னும் கொஞ்சம் வெள்ளையா இருந்திருக்கலாம் எண்டு சறோஜா அக்கா பகிடியாச் சொன்னவ. நானும் பகிடியாச் சிரிச்சனான். எல்லாம் முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்கை நீங்கள் சொன்னியள், எங்கட ஆக்களுக்கை குடுக்கிறதும் எடுக்கிறதும்தான் தங்கச்சி நல்லது, எங்கட ரத்தம் வெளியிலை போகப்படாது எண்டு.

நானும் ஓம் எண்டனான். மறக்கேல்லை. உங்கட பேரனாரின்ரை சகோதரியும் எங்கட பூட்டியின்ரை தமையனும் கட்டினது எண்டு கண்டுபிடிச்சு, ரெண்டு பகுதியும் எவ்வளவு சந்தோசப்பட்டம்! சுத்திச் சுத்தி அதே பத்துப் பதினைஞ்சு வீட்டுக்கைதான் பரம்பரை பரம்பரையாக் குடுத்து எடுத்திருக்கிறம். ரத்தம் வெளியிலை போகேல்லைத்தான். அது காவினதும் போகேல்லை.

என்ன சொன்னனோ? ஒண்டும் சொல்லேல்லை. உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும், கேக்கட்டோ? கடையிலை சாமிப்படத்துக்குப் பக்கத்திலை ஒரு பெடியன்ரை படம் மாட்டியிருக்கிறியள். சின்ன வயசிலை செத்த உங்கட தம்பியார் எண்டு சறோஜா அக்கா சொன்னவ. அவருக்கு என்ன வருத்தம்?

வாதக்காச்சலோ. ஆர் சொன்னது, டாக்குத்தரோ? நாட்டு வைத்தியப் பரியாரியோ. ஓம், அந்த நேரம் சண்டையாலை பாதை பூட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாதுதான். கை கால் நோகுது எண்டு அழுவாரோ? விட்டு விட்டு வருமோ? குளிரிலை, மழையிலை நனைஞ்சால் கூடுமோ? கண் மஞ்சளிக்குமோ?

இல்லை அண்ணை, நான் டாக்குத்தர் இல்லை. செத்த பிள்ளையின்ரை வருத்தத்துக்கு இப்ப நான் பேர் வைக்கமாட்டன். தண்ணி குடியுங்கோ.

வீடியோவுக்கு வாறன். அழிக்கச் சொன்னால் கேசிகா அழிப்பாள். அவள் பிடிவாதக்காரி இல்லை, நான்தான் பிடிவாதக்காரி. கலியாணத்தை நடத்துங்கோ எண்டு உங்கட காலிலை விழவும் மாட்டன். ஆனா என்ரை பிள்ளை பழுது எண்டு ஊர் முழுக்கக் கதைக்கவிட்டு, நீங்கள் நல்ல பேரோடை விலகிப் போறதுக்கும் விடமாட்டன். அதுதான் எனக்கு முக்கியம். மற்றதெல்லாம் சும்மா கதை, உங்களை இந்தக் கதிரையிலை கொஞ்ச நேரம் இருத்தி வைக்கிறதுக்கு.

ஏனெண்டால் இதை அழிச்சும் பிரயோசனம் இல்லை. வாற ஞாயிறு அடுத்த வீடியோ வருது. எடுத்து முடிஞ்சுது, நான் பாத்திட்டன். அபேனா நடுவிலை, ஓசாஸ் அங்காலை. இஞ்சாலை, அவளுக்குப் பக்கத்திலை, எங்கட சிந்துஜன். வடிவாத் தமிழிலை கதைக்கிறான். ஒரேயொரு பிழைதான் விட்டவன்.

ஓம் அண்ணை, அவனுக்கும்தான். கேசிகாவுக்குச் சோதினை முடிவு வந்தாப் பிறகு, நானும் பாக்கிறன் எண்டு தானாப் போய்ச் சோதிச்சவன். அவனும் காவுறவன். சாதகக்காரன் பொருத்தம் பாக்கேக்கை இது மட்டும் அம்பிடேல்லை. வீட்டிலை சொல்லப் பயத்திலை உங்களுக்கு முன்னாலை சோத்தைத் திண்டு எழும்பித் திரிஞ்சிருக்கிறான், நீங்கள் கவனிக்கேல்லை. ஓம், உங்களிட்டை இருந்தோ சறோஜா அக்காவிட்டை இருந்தோதான் வந்திருக்கும். வேறை எங்கையிருந்து வரும்?

ரெண்டு பேரும் டாக்குத்தரோடை இருந்து கதைச்சவை. ரெண்டு காவுறவை கட்டினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலிலை ஒரு பங்கு வருத்தம் வரச் சாத்தியம். வயித்திலை இருக்கேக்கையே பாக்கலாமாம். பாத்து என்ன செய்யிறது எண்டு அதுகள்தான் முடிவெடுக்கவேணும், நீங்களும் இல்லை, நானும் இல்லை. எல்லாம் தெரிஞ்சுதான் கட்டப்போறம் எண்டு நிக்குதுகள். நீங்கள் வேண்டாம் எண்டால் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஆனா அதை உங்கட மோனின்ரை முகத்தைப் பாத்துத்தான் சொல்லவேணும்.

கேக்குதோ? வாசல் மணி. அவன்தான். நீங்கள் இஞ்சை வாறியள் எண்டு நான்தான் அவனுக்கு அடிச்சுச் சொன்னனான். இவ்வளவு நேரமும் கீழை தெருவிலை நிண்டிருக்கிறான் போலை.

எழும்பிப் போய் நீங்களே திறவுங்கோ அண்ணை. கதவுக்கு இடப்பக்கம் கீழ்க்கதவு திறக்கிற பொத்தான் இருக்கு. கொஞ்சம் அமத்திப் பிடிக்கவேணும்.