பச்சை வார் ஒன்று, வெள்ளை வார் ஒன்று

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது... அந்த விளக்கையும் தணித்து வையுங்கள். இது என் கூட்டாளி காளிராஜின் மதினி பாண்டிலட்சுமிக்கு நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் பாதியில் எழுந்து தனியாக வெளியே போகாதீர்கள், அவ்வளவுதான்.

ராத்திரி ஒன்றரை மணி. விஸ்வநத்தத்துக்குப் பிரிகிற விலக்கில் ஈ காக்கை இல்லை. ரோட்டோரம் பட்டாசுக் கம்பெனி வேன் மட்டும் நிற்கிறது. தீபாவளி முடிந்து கம்பெனியைப் பூட்டியிருந்த நேரம். சீசனில் இடுப்பொடிய உழைத்தவர்களுக்கு மெட்ராஸைச் சுற்றிக் காட்ட முதலாளி ஏற்பாடு செய்திருந்தார். ஃபோர்மேன் சீனிவாசகம் வேன் படியில் நின்று, தினமும் காலையில் செய்வது போலவே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிட்டதும், "இருக்கேன் அண்ணாச்சி" என்று குரல் வரவேண்டும். அதுதான் வழக்கம்.

எல்லாக் குரலும் வந்தது. பாண்டிலட்சுமி மட்டும் ஜன்னலோரத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தாள்.

"தள்ளி உக்காரும்மா. பை வைக்கணும்."

"ஆள் இருக்கு அண்ணாச்சி. வெள்ளைத்தாய் எடம் அது."

சீனிவாசகம் டார்ச்சை அணைத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளைத்தாய் யார் என்று சொல்ல வேண்டும். பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற வேலை அவளுக்கு. புரட்டாசியில் அவள் இருந்த ரூம் வெடித்தது. உங்களுக்கே தெரியும், மருந்து ரூமுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. ஒரு உரசல் போதும். வாசலில் கழற்றி விட்டுத்தான் உள்ளே போவார்கள். ஏதாவது ஆகிவிட்டால் முதலில் பார்ப்பதும் அந்தச் செருப்புகளைத்தான்... வெளியே எத்தனை சோடியோ, உள்ளே அத்தனை பேர்.

அன்றைக்கு உள்ளே இருந்தவர்களை அடையாளம் சொல்ல முடியவில்லை. அனுமதிக்கு மேல் ஆள் வைத்திருந்தது தெரிந்தால் கம்பெனிக்கு ஆபத்து. விசாரணைக்காரர்கள் வருவதற்குள் சீனிவாசகம் ஒரு சோடிச் செருப்பை எடுத்து மடியில் சொருகியதை, அடுத்த ரூமிலிருந்து ஓடிவந்த பாண்டிலட்சுமி கண்ணால் பார்த்தாள். ஒரு காலுக்குப் பச்சை வார், ஒரு காலுக்கு வெள்ளை வார். அறுந்துபோன வாருக்கு வெள்ளைத்தாய் தானே மாற்றிப் போட்டது.

"வெள்ளைத்தாய் அன்னைக்கு வேலைக்கே வரல. எவன்கூடயோ போயிட்டா" என்றார்கள் கம்பெனியில். ஊரும் நம்பியது. செத்ததும் போதாதென்று இந்தப் பேர் வேறு! பாண்டிலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. பார்த்ததைச் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை.

வெள்ளைத்தாய்க்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அவள் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர், நம் சிவகாசியில் அச்சானதுதான். மாதத்துக்கு ஒரு மெட்ராஸ் படம். "அச்சடிக்கிறது நம்ம, பாக்குறது மத்தவகளா? ஒரு நா போயி அம்புட்டையும் பாக்காம விடமாட்டேன்" என்பாள். அதனால்தான் பாண்டிலட்சுமி அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தாள்.

மெட்ராஸில் வேன் நின்ற இடத்திலெல்லாம் அவள் பக்கவாட்டில் திரும்பி வாய்விட்டுச் சொன்னாள். "ஏடி, வள்ளுவர் கோட்டத்துத் தேர் பாத்தியா? எம்புட்டுப் பெருசு!" சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில், "மணிக்கூண்டைப் பாருடி." சீனிவாசகம் பல்லைக் கடித்தார். மற்றப் பெண்கள் முதலில் பயந்தார்கள். பிறகு ஒருத்தி மெல்ல, "அக்கா, அவளுக்குக் கலங்கரை விளக்கத்தையும் காட்டுங்க" என்றாள்.

மத்தியானம் எழும்பூர் மியூசியம். திமிங்கல எலும்பைப் பார்த்துவிட்டு வெண்கலச் சிலைகள் இருக்கிற கட்டடத்துக்கு வந்தார்கள். வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். காவலாளி சிரித்தார். "போட்டுக்கிட்டே போலாம்மா." அவர்களுக்குக் கால் வரவில்லை. உள்ளே சாமி இருக்கிறது, அதோடு மருந்து ரூம் பழக்கம்... சீனிவாசகமும் கழற்றினார்.

உள்ளே மங்கல் வெளிச்சம். தரை சில்லென்று இருந்தது. நடராசர் முன்னால் நின்றபோது பாண்டிலட்சுமிக்கு ஒரு வாடை அடித்தது. கந்தக வாடை... மழையில் நனைந்த பட்டாசு மாதிரி. சிலைக் கூண்டின் கண்ணாடியில் ஐந்து விரல் பதிந்திருந்தது, பட்டாசுக்குப் போடுகிற வெள்ளிப் பவுடர் ஒட்டிய விரல். முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

கை பதிந்திருந்தது கண்ணாடிக்கு உள்பக்கம்.

அவள் கத்தவில்லை. "நல்லாப் பாத்துக்கோடி" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்து அவரவர் செருப்பை மாட்டினார்கள். ஒரு சோடி மிச்சம் கிடந்தது. பச்சை வார் ஒன்று, வெள்ளை வார் ஒன்று.

கல்குவாரித் தண்ணீரில் கல்லைக் கட்டிச் சீனிவாசகம் எறிந்த செருப்பு அது. குனிந்து வாரி எடுத்துப் பையில் திணித்தார். சாயங்காலம் மெரினாவில் முழங்கால் ஆழம் வரை இறங்கி, கை வலிக்க வீசினார். அலை வாங்கிக்கொண்டது. பாண்டிலட்சுமி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறிங்க அண்ணாச்சி. எம்புட்டுத் தூரம் வேணாலும் எறிங்க. இங்கன வர வழி தெரிஞ்சவளுக்குத் திரும்பிப் போகத் தெரியாதா?"

அன்று இரவே திரும்பினார்கள். விடிய இன்னும் நேரமிருந்தது. வேன் முதலில் நின்றது சீனிவாசகம் வீட்டு முன்னால். இறங்கி டார்ச் அடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வாசல்படியில் அந்தச் செருப்பு. ஈரம் காயவில்லை. வாரிடுக்கில் கடல் மண். ஒழுங்காகச் சேர்த்து, முனை வீட்டைப் பார்த்துக் கழற்றி விடப்பட்டிருந்தது.

"நீதான வச்ச?" என்று பாண்டிலட்சுமியிடம் சீறினார்.

"நான் ஒங்க வேன்லதான அண்ணாச்சி வந்தேன்."

கதவு திறந்தது. அவர் மனைவி பொன்னுத்தங்கம் தூக்கக் கலக்கத்தோடு நின்றாள். "இப்பத்தான் வாரீகளா? ஒங்க கம்பெனிப் பொம்பள ஒண்ணு சாயங்காலமே வந்து உள்ள உக்காந்திருக்கு. பேரு என்னம்மான்னா சொல்ல மாட்டேங்கு. அண்ணாச்சி வந்து கூப்பிடட்டும்னு ஒரே பிடியா இருக்கு. யாருங்க அது?"

சீனிவாசகம் வேனுக்கே திரும்பி ஓடினார். படியில் பாண்டிலட்சுமி நின்றாள், நகரவில்லை. பின்னால் மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து நின்றார்கள். டிரைவர் எஞ்சினை நிறுத்தினார்.

"வழிய விடு!"

"விடமாட்டோம். தெனமும் கூப்பிட்ட பேருதான அண்ணாச்சி? இன்னைக்கும் கூப்பிடுங்க. தெருவே கேக்கட்டும்."

பக்கத்து வீடுகளில் விளக்கு எரிந்தது. சீனிவாசகம் திரும்பினார். செருப்பைப் பார்த்தார். இரண்டு தடவை வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவது தடவை...

"வெள்ளைத்தாய்..."

வீட்டுக்குள்ளிருந்து கந்தக வாடை வந்தது. பிறகு குரல் வந்தது.

"இருக்கேன் அண்ணாச்சி."