ஞாயிற்றுக்கிழமைப் படம்

கோப்பு அனுப்புவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். இடப்பக்கம் நம் கணினியில் இருப்பவை, வலப்பக்கம் அமெரிக்காவில் எங்கோ ஒரு சர்வரில் இருப்பவை. இங்கிருந்து பிடித்து அங்கே இழுத்துப் போட வேண்டியதுதான். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், அதன்மேல் எழுதிவிடட்டுமா என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் பழையது போய்விடும். எஃப்.டி.பி. என்பது இதுதான். நேற்று உங்கள் ஏட்டு, "செத்தவங்க போட்டோ எப்டிய்யா வாராவாரம் தானா போவும்?" என்று கேட்டதால் இதை முதலில் எழுதுகிறேன். தானாகப் போகவில்லை. ஒவ்வொன்றையும் நான்தான் அனுப்பினேன்.

திருத்தணி மலைக்குப் பேருந்து ஏறும் இடத்துக்கு எதிரே பிரௌசிங் சென்டர் வைத்திருப்பவன் நான். கணேஷ்ராம் என்று பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. அப்பா மலைக்கோயில் மடப்பள்ளியில் இருந்தவர். அவரும் அம்மாவும் போனபின் வீட்டில் பேச்சுச் சத்தம் என்று எதுவும் இல்லை. கடையில் எந்நேரமும் ஆள் இருக்கும். ஆனால் எல்லாரும் திரையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருப்பார்கள். நான் பார்ப்பது முதுகுகளை.

பத்மஜா 2002 ஆவணியில் கடைக்கு வந்தாள். கல்யாணமாகி நியூஜெர்சிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா ஜெயம்மாள் அம்மையார்குப்பத்தில் விசைத்தறிக் கொட்டகையிலேயே வாழ்ந்தவர். தறிச் சத்தத்தில் காது போயிருந்தது. கணவர் இறந்தபின் இங்கே நந்தியாற்றுப் பக்கம் வாடகை வீட்டில் தனியாக இருந்தார்.

"ஃபோன் பண்ணா அம்மாவுக்கு ஒண்ணும் கேக்காதுண்ணா. எழுதப் படிக்கவும் வராது. ஒரு வெப்சைட் போட்டு, வாரத்துக்கு ஒரு போட்டோ மட்டும் ஏத்துங்க. மூஞ்சப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

அப்படித்தான் தொடங்கியது. ஞாயிறுதோறும் டிஜிட்டல் கேமராவோடு போவேன். ஜெயம்மாள் சேலை மாற்றிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு தயாராக இருப்பார். "நைனா, வெளிச்சத்துல எடு. போன வாட்டி மூக்குத்தியே தெரியலன்னு சொல்லிகினு கெடந்தாளே" என்பார். நாலைந்து எடுத்து, அதில் நல்லதாக ஒன்றை மட்டும் அனுப்புவேன். மற்றவை என் கணினியிலேயே கிடக்கும். பத்மஜா அந்தப் பக்கத்தின் அடியில் ஆங்கில எழுத்தில் தமிழாகப் பதில் எழுதுவாள். அதை நான் மெதுவாக வாயசைத்துச் சொன்னால் ஜெயம்மாளுக்குப் புரியும். பிறகு சாப்பாடு. எங்கள் வீட்டில் வெளியார் சமைத்ததைச் சாப்பிடும் வழக்கம் கிடையாது. நான் சாப்பிட்டேன். "இன்னும் கொஞ்சம் போட்டுக்க நைனா, பூனை மாரி திங்கிற" என்று என் தட்டைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தது. நைனா என்று என்னை வேறு யாரும் கூப்பிட்டதில்லை. அண்ணா என்று பத்மஜாவைத் தவிர யாரும் எழுதியதில்லை. இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதற்காகச் சொல்கிறேன்.

மறு வருடம் பங்குனியில் ஜெயம்மாள் இளைக்க ஆரம்பித்தார். சாப்பிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ரயிலேற்றி அரக்கோணத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். நல்ல டாக்டர். சோதனைகளை எல்லாம் பார்த்துவிட்டு, நோயாளிக்குக் காது கேட்காது என்பதால் என்னிடம் பேசினார்.

"நீங்க பையனா?"

"ஆங்" என்றேன்.

குடலில் கட்டி, ஆரம்ப நிலைதான், உடனே மெட்ராஸில் ஆபரேஷன் செய்தால் பிழைத்துவிடுவார்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார். திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, "இன்னா சொன்னாரு?" என்று கேட்டார் ஜெயம்மாள். வயிற்றுப்புண், காரம் கூடாது என்று வாயசைத்தேன்.

அன்று மாலை பத்மஜாவுக்கு எல்லாவற்றையும் எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் அவளே எழுதியிருந்தாள். அம்மாவுக்கு விசா வந்துவிட்டது, இப்போதைக்குத் திருத்தணியை விட்டு வர மாட்டார்கள், ஆனால் ஒரு சின்னத் தலைவலி என்றாலும் சொல்லுங்கள் அண்ணா, அடுத்த விமானத்தில் வந்து கூட்டிப்போய்விடுகிறேன் என்று. நான் நிதானமாக யோசித்தேன். காது கேட்காத ஒரு மனுஷி, மொழி தெரியாத ஊர், பனி, அடைத்த கதவுகள். அதைவிட இங்கே இருப்பது அவருக்கு நல்லது என்று பட்டது. முந்தைய தையில் எடுத்து அனுப்பாமல் விட்டிருந்த படம் ஒன்று இருந்தது. நீலச் சேலை, முகம் நிறைந்த சிரிப்பு. அதை இழுத்துப் போட்டேன். மேலே எழுதிவிடட்டுமா என்று கேட்டது. சரி என்றேன்.

சர்வரில் ஒரு வசதி உண்டு. படம் எப்போது எடுத்தது என்று அது பார்ப்பதில்லை. என்றைக்கு வந்து சேர்ந்ததோ அந்தத் தேதியைத்தான் காட்டும்.

ஞாயிறுகள் முன்போலவே நடந்தன. இளைத்த முகத்தைப் படம் எடுப்பேன், வீட்டுக்கு வந்து பழையதை அனுப்புவேன். அதே சேலையா என்று ஒருமுறை பத்மஜா கேட்டாள். அவர்களுக்கு அது பிடித்த சேலை என்று பதில் எழுதினேன். கடைக்கு ஃபோன் செய்தால், சௌக்கியமாக இருக்கிறார்கள் என்பேன். அவள் எழுதுவதில் பொருத்தமானதை மட்டும் ஜெயம்மாளுக்குச் சொல்வேன்.

ஐப்பசியில் ஒரு கிருத்திகையன்று மலைக்குக் கூட்டிப்போகச் சொன்னார் ஜெயம்மாள். சொன்ன வேகத்தில் பேருந்தில் ஏறி உட்கார்ந்தார். மேலே போய் முடிக்கொட்டகையில் தலையைக் கொடுத்தார். நான் தடுக்கவில்லை, ஆந்திராவிலிருந்து வரும் பெண்கள் எத்தனையோ பேர் கொடுக்கிறார்கள். தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார். முகத்தில் எலும்பு தெரிந்தது.

"எடு நைனா. இத அனுப்பு."

எடுத்தேன்.

"மொட்டயப் பாத்தா எதுக்கும்மான்னு கேப்பா. கேட்டா நிக்க மாட்டா, வந்துடுவா. அவ வரணும்னுதான் வேண்டிகினேன்."

அந்த வாரம் அனுப்பியதில் ஜெயம்மாள் தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தார். அடுத்த ஞாயிறு நான் உள்ளே நுழைவதற்குள், பாத்தாளா என்று கேட்டார். பார்த்தாள் என்றேன். இன்னா சொன்னா என்றார். குழந்தை மாதிரி இருக்கிறீர்களாம் என்று வாயசைத்தேன். கொஞ்ச நேரம் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதானா?"

அவ்வளவுதான் என்றேன். அதன்பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. சேலை மாற்றிக்கொள்வதையும் நிறுத்திவிட்டார். கடைசி நாட்களில் நான் ஊட்டிய கஞ்சியைச் சாப்பிட்டார். நைனா என்று கூப்பிட்டார் என்றுதான் நினைவு.

மார்கழியில் இறந்துபோனார். நான் கொள்ளி வைத்து, தலையும் மழித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு மணியம்மை பத்மஜாவுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டார். சொல்லிவிட்டேன், லீவு கிடைக்கவில்லையாம் என்றேன். "பெத்தவ செத்துக் கெடக்கறா, அவளுக்கு லீவு இல்லியாமே. நல்லா இருப்பாளா அவ?" என்று மண்ணை வாரித் தூற்றினார். துக்க வீட்டில் எதிர்த்துப் பேசக் கூடாது என்று பேசாமல் இருந்தேன்.

மெட்ராஸுக்குக் கொண்டுபோயிருந்தால் ஜெயம்மாள் பிழைத்திருப்பார். இது இப்போது தெரிந்ததல்ல, ரயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போதே தெரியும். இது எந்தப் பிரிவில் வரும் என்று உங்களுக்குத்தான் தெரியும். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அவர் இறந்த பிறகும் படங்கள் போய்க்கொண்டிருந்தன. ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரும், வலப்பக்கம் காத்துக்கொண்டிருக்கும். பத்மஜா, அண்ணா என்று எழுதுவாள். ஆனால் இடப்பக்கத்தில் நல்ல படங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்து வந்தன. தை பிறந்து ஒரு ஞாயிறு, முகம் பூரிப்பாக இருந்த காலத்துப் படம் ஒன்றுகூட மிச்சமில்லை. மலையில் எடுத்தது இருந்தது. ஒரு வாரத்தை வெறுமனே விட எனக்கு மனம் வரவில்லை. அதை அனுப்பினேன்.

அம்மா எதுக்கு மொட்டை போட்டாங்க என்று உடனே எழுதினாள். வேண்டுதல் என்று பதில் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அந்த வாரமே ஒரு காலை, நான் கடையின் ஷட்டரைத் தூக்கும்போது பின்னால் டாக்சி நின்றது. ஜெயம்மாள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கேட்டாள், நிற்கவில்லை, வந்துவிட்டாள்.

பெட்டியைக்கூட இறக்காமல் நேராக என்னிடம் வந்தாள். என் தலையில் அரைகுறையாக முளைத்திருந்த முடியைப் பார்த்தாள்.

"எங்கம்மா எங்க?" என்றாள்.

அண்ணா என்று கூப்பிடவில்லை. அவ்வளவு தூரம் விமானத்தில் வந்த களைப்பாக இருக்கும்.