யாரும் கேட்காத உறை

ஓட்டுப்போட வருகிறவர்களை நிற்கவைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. சாவடியில் என் மேசைக்கு எதிரே எப்போதும் ஒரு நாற்காலி போட்டுவைப்பேன். பட்டியலில் பெயர் இல்லை என்று கேட்டதும் மனிதர்களுக்குக் கால் தளர்ந்துவிடும். உட்கார்ந்து கேட்டால் கொஞ்சம் தாங்கும். நீங்களும் என்னை உட்காரச் சொன்னீர்கள். நன்றி, ஐயா. முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஏழு வருடங்களுக்கு முன்பு வார்டு உறுப்பினர் தேர்தலில் நின்றேன். நானாக நிற்கவில்லை. தெருவே திரண்டு வீட்டுக்கு வந்து, "நீங்க நில்லுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்றது. எதிர்வீட்டுத் தையல்காரர் கேட்காமலே ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டை விட்டுவிட்டால் தெருவில் தொண்ணூற்றிரண்டு ஓட்டு. எண்ணி முடித்தபோது எனக்கு விழுந்தவை ஒன்பது. அதில் நாலு என் வீட்டு ஓட்டு. மற்ற தெருக்களில் என்னை யாருக்கும் தெரியாது. ஆக, என் தெரு எனக்குக் கொடுத்தது ஐந்து.

மறுநாள் கடைக்குப் போகும் வழியெல்லாம் ஆறுதல். "நான் உங்களுக்குத்தான் போட்டேன். மத்தவங்கதான் கழுத்தறுத்துட்டாங்க." எல்லோரும் இதையே சொன்னார்கள். வாக்குக் கொடுத்தவர்கள் வேறு, வாக்குப் போட்டவர்கள் வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மனைவி, "விட்டுத் தள்ளுங்க" என்றாள். நானும் விட்டுத் தள்ளினேன். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

அடுத்த வருடம் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஆள் எடுத்தார்கள். எங்கள் பகுதியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் தெருவிலிருந்து பதினைந்து, இருபது பேர். சிலருக்குக் "குடிபெயர்ந்தார்" என்று எழுதினேன், சிலருக்கு "இறந்தார்" என்று. திருத்திய பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டுவோம். அதை யார் நின்று படிக்கிறார்கள்? பெயர் இருக்கும் என்று நம்பித்தான் எல்லோரும் வாழ்கிறார்கள்.

போன தேர்தலில் தெருவுக்கு ஓட்டுப்போட ஒரு காரணம் இருந்தது. தெருக்கோடியில் ஒரு ரசாயனக் கிடங்கு. அதை அகற்றியே தீருவேன் என்று ஒரு நர்ஸம்மா நின்றார். தெரு மொத்தமும் அவர் பக்கம். இந்த முறை வாய்ப்பேச்சு இல்லை, நிஜமாகவே.

ஓட்டுப்பதிவு அன்று சாவடியில் பட்டியல் பார்க்கும் வேலையும் எனக்குத்தான். காலையில் தையல்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள்.

"என்னண்ணே, பேரே இல்லைங்கறாங்க?"

புரட்டிப் பார்த்தேன். "நீங்க இறந்துட்டதா இருக்கே."

அவர் சிரித்தார். "இப்பத்தான் ரெண்டு சட்டைக்குக் காஜா எடுத்துட்டு வர்றேன். செத்தவன் காஜா எடுப்பானா?"

"தப்பு நடக்கறதுதான். தலைமை அலுவலகத்துல குடியிருப்புச் சான்று வாங்கிட்டு வந்துடுங்க."

தேர்தல் நாளில் அந்த அலுவலகம் பூட்டியிருக்கும். நாலு மணிக்குத் திரும்பி வந்தார்கள். அவர் மனைவிக்குச் செருப்பு அறுந்து கையில் இருந்தது.

"பூட்டியிருக்குண்ணே. வேற வழியே இல்லையா?"

வழி இருந்தது. பெயர் விடுபட்டவர்கள் உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு, தனி உறையில் ஓட்டுப் போடலாம். சரிபார்த்த பிறகு அதையும் எண்ணுவார்கள். உறை கேட்பவருக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒரு கட்டு உறை என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஆனால் அவர் வழி இருக்கிறதா என்றுதான் கேட்டார். உறை கேட்கவில்லை. அன்று யாருமே கேட்கவில்லை. நான் விதியை மீறவில்லை.

"அடுத்த முறை பார்த்துக்கலாம்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கும் அலைச்சல்தான்" என்றார்.

நர்ஸம்மா முப்பத்தேழு ஓட்டில் தோற்றார். கிடங்கு இருந்த இடத்திலேயே இருந்தது. இந்தக் கோடையில், ஒரு பகல் பதினொரு மணிக்குத் தீப்பிடித்தது. பதினான்கு பேர். தையல்காரரும் அவர் மனைவியும் அதில் இருந்தார்கள். தீயை நான் வைக்கவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

மறுவாரம், சாவடியிலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அந்த உறைக்கட்டு பீரோவில் பிரிக்காமல் இருப்பதை மனைவி பார்த்தாள். என்னவென்று கேட்டாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம் மறைப்பானேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். விடிந்ததும் நேரே உங்களிடம் வந்துவிட்டாள். இத்தனையிலும் எனக்கு வலித்தது அது ஒன்றுதான்.

அந்த ஐந்து பேரை ஏன் நீக்கினீர்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. தையல்காரரும் அவர் மனைவியும் அந்த ஐந்தில் இருந்திருக்கலாம். இருந்தார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் ஓட்டு ரகசியமானது, ஐயா. யார் யார் என்று தெரியாமல் சிலரை மட்டும் எப்படி விட்டுவைப்பது? தொண்ணூற்றிரண்டு பேரையும் நான்தான் நீக்கினேன். பாரபட்சம் காட்டினேன் என்று மட்டும் யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.