மூன்று எண்ணும் நேரம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் துறைமுகத் தலைவர் அவர்களே! சுமந்து சுமந்து தோள் தழும்பேறிய மூத்த தொழிலாளப் பெருமக்களே! வேலைக்குப் போனவர் திரும்பும்வரை வாசலிலேயே ஒரு காதை வைத்திருக்கும் தாய்மார்களே! வணங்குகிறேன்.

எனக்குப் பின்னால் நிற்கும் இந்தப் புதிய கிரேனை வடிவமைத்தவள் நான். இதன் கை சுமையோடு கடலை நோக்கி நீளும். முதுகிலுள்ள எதிர் எடை கரையை நோக்கி நகரும். பாரத்தைப் பாரத்தால் தாங்குவதே இதன் பண்பு. அதுவே இதன் பலம்.

அந்த எடை ஒரு நொடி பிந்தினால்?

நான் வடிவமைத்த பழைய கிரேனை ஓட்டியவருக்கு நீங்கள் வைத்த பெயர் 'மூணு'. கைதட்டுகிறீர்கள்; ஆமாம், அவரேதான். பெட்டியை ஒரு சாண் தூக்குவார். நிறுத்துவார். மூன்று எண்ணுவார். பிறகே கிரேனின் கையை நீட்டுவார். தாமதம் என்று புகார் வந்தது. ஸ்டாப்வாட்சோடு கேபினுக்குள் ஏறினேன்.

"எதுக்கு இந்த மூணு?"

"பின்னால வெயிட்டு கிளம்பணும்ல மேடம். இடுப்புல தெரியும்."

"தூக்கின உடனே கிளம்பிடும். நான் போட்ட கணக்கு அது."

"உங்க கணக்குக்கு இடுப்பு இல்லையே மேடம்!"

சிரிக்கிறீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை. 'எண்ணக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள், கனத்த பெட்டி ஒன்றைத் தூக்கி, எண்ணாமல் கையை நீட்டினார். கிரேன் கடல் பக்கம் சாய, பின்சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டு இரண்டு விரல் எழும்பின. கீழே பதினோரு பேர்! பதறினாரா? பாய்ந்து ஓடினாரா? பெட்டியைப் பூப்போலத் தரையில் இறக்கினார். சக்கரங்கள் அமர்ந்தன. பதினோரு பேரும் வீட்டுக்குப் போனார்கள். அவரும் போனார், பணிநீக்க உத்தரவோடு. காரணம், கவனக்குறைவாம்!

யாருடைய கவனக்குறைவு?

பிறகுதான் அளந்தேன். சுமை எழுந்தபின் எடை நகர இரண்டரை நொடி. என் தாளில் அது பூஜ்யம். அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் மனைவி கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"எண்ணாதேன்னு எழுதினது யாரு?"

"நான்தான்மா. தப்பு என்னோடது."

"அதை எங்கிட்ட வந்து சொல்லி என்ன? எல்லார் முன்னாடியும்தானே அவரை அனுப்பினீங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

மூன்றாம் வரிசையில் இருக்கிறீர்கள் அம்மா, பார்க்கிறேன். சொல்கிறேன். பிழை அவர் கையில் இல்லை, என் கணக்கில்! அவர் எண்ணிய மூன்றில்தான் இத்தனை நாள் என் வடிவமைப்பு நிமிர்ந்து நின்றது. இந்தப் புதிய கிரேனில், எடை போய்ச் சேராமல் கை நீளாதபடி பூட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பூட்டு அவருடையது.

தலைவர் அவர்களே, இதோ, பிழை என்னுடையது என்று நான் ஒப்புக்கொள்ளும் கடிதம். இதோ கிரேனின் ஒப்படைப்புத் தாள். அவர் மீண்டும் கேபினில் ஏறாமல் இதில் என் கையெழுத்து விழாது.

தலையசைக்கிறீர்கள். நன்றி ஐயா.

மூணு தம்பி, கடைசி வரிசையில் ஏன் குனிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்? எழுந்து வாருங்கள். வழிவிடுங்கள் ஐயா, அவருக்கு வழிவிடுங்கள்!

பெட்டி இப்போது ஒரு சாண் எழும்பும். அப்போது இந்தத் திடலே ஒரே குரலில் மூன்று எண்ணட்டும். இன்றைக்கு அதுவே நம் நன்றியுரை. வணக்கம்.