நெருக்கத் தையல்

போர்வைக்கு மேல்தையல் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. அவசரக்காரியின் கை அண்டாவிலும் நுழையாது என்பார்கள், ஊசிக்கண் எம்மாத்திரம்? துண்டுத் துணிகளை இணைத்து முடித்த கையோடு இயந்திரத்தின் முன் உட்கார்ந்துவிடுகிறவர்கள் பிறகு பிரித்துப் பிரித்தே கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் கேட்டது என் தங்கையின் சாவைப் பற்றி, ஐயா. நான் போர்வையிலிருந்து தொடங்குவது உங்களுக்கு விலகலாகத் தோன்றலாம். இது விலகல் அன்று, வரிசை. நேற்று அவசரத்தில் வரிசை தவறிச் சொல்லிவிட்டேன். நீங்களும் நான் சொன்னபடியே எழுதிக்கொண்டீர்கள். ஆகவே பிழையில் எனக்கும் பங்குண்டு.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவள். அச்சேறும் முன் எழுத்தில் உள்ள பிழைகளைக் களைவது என் பணி. ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விடுபட்டிருந்தால் எனக்குப் பல் கூசும். அதனால் அங்கே என்னைப் ‘புள்ளியம்மா’ என்றார்கள், முதுகுக்குப் பின்னால். என் தங்கை ஒருத்திதான் முகத்துக்கு நேரே சொன்னாள்.

அவளை நான் வளர்த்தேன். பெற்றோர் இறந்தபோது அவள் இடுப்பில் இருந்த குழந்தை. நானோ பாவாடையைத் தூக்கிப் பிடித்து நடந்த சிறுமி. அன்று தொடங்கி அந்த வீட்டில் நாங்கள் இருவரே. என் ஒழுங்கு எதுவும் அவளிடம் ஒட்டவில்லை. உப்பு இருந்த இடத்தில் சீனி இருக்கும். கத்தரிக்கோல் தலையணைக்கு அடியில் கிடக்கும். தொடங்கிய வாக்கியத்தை அவள் ஒருநாளும் பயனிலை வரை கொண்டுபோனதில்லை.

“ஒழுங்கா ஒரு வாக்கியம் முடிக்கக் கூடாதா?” என்பேன்.

“முடிக்கத்தான் நீ இருக்கியே புள்ளியம்மா” என்பாள்.

பழைய துணிகளை வெட்டி, கையாலேயே இணைத்துப் போர்வையின் மேல்முகத்தைச் செய்வது அவள் பொழுதுபோக்கு. திட்டம் எதுவும் வைத்துக்கொள்ளமாட்டாள். நீலத்துக்கு அருகில் நீலமே வரும். கேட்டால், “அதுங்க ரெண்டும் அக்கா தங்கச்சி. பக்கத்துல பக்கத்துல இருந்துட்டுப் போகட்டும்” என்று பதில் வரும். மேல்முகம், நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்து இயந்திரத்தில் மேல்தையல் போடுவது என் பங்கு. அவள் கலைத்ததை நான் கட்டினேன் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த இயந்திரத்தைப் பழுது பார்க்க ஒருவர் வந்துகொண்டிருந்தார். மனைவியை இழந்தவர். நாங்கள் மிஷின்காரர் என்போம். நாளடைவில் இயந்திரம் நன்றாக ஓடிய நாட்களிலும் எண்ணெய் போட வந்தார். அவ்வளவு எண்ணெய் குடித்த இயந்திரம் உலகில் வேறு இருக்காது. நான் உள்ளறையில் இருக்கும்போது முன்னறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அறுபதை நெருங்கியவள் சிரிக்கும் சிரிப்பாக அது இல்லை.

ஒருநாள் அவள் இணைத்து முடித்த மேல்முகத்தை என் மடியில் விரித்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அக்கா, ஒன்னு சொல்லணும். கோவிச்சுக்க மாட்டியே?”

“முதல்ல விஷயத்தச் சொல்லு. கோபத்த அப்புறம் பாத்துக்கலாம்.”

“நானும் மிஷின்காரரும் ஒன்னா இருக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். அவர் வீட்டுல.”

“ஒன்னா இருக்குறதுன்னா?”

“ஒன்னா இருக்குறதுன்னா ஒன்னா இருக்குறதுதான். இதுக்கும் இலக்கணம் கேப்பியா?”

“இந்த வயசுலயா?”

“வேற எந்த வயசுல? செத்த பிறகா?” என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. அவளுக்கு நெஞ்சு எப்போதுமே பலவீனம். இருமி ஓய்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இதுக்கு மட்டும் தையல் போட்டுக் குடுத்துடு. இத எடுத்துக்கிட்டுத்தான் அந்த வீட்டுக்குப் போகணும்னு எனக்கு ஆசை. என்ன தையல்னாலும் சரி. உன் இஷ்டம்.”

அவள் வாயால் சொன்ன சொல் அது. என் இஷ்டம்.

வேலையை இழுத்தடித்து அவளை நிறுத்தி வைத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கக்கூடும். கையில் எடுத்த வேலையை நான் இழுத்தடித்ததில்லை. ஆனால் தையலின் வடிவத்தைத் தீர்மானிக்கும்முன் யோசிப்பது இழுத்தடிப்பு ஆகாது.

மேல்முகத்தைக் கட்டிலில் விரித்துப் பார்த்தேன். வடிவம் தேர்பவர்கள் முதலில் துணியைப் பார்க்க வேண்டும். துணியே கூச்சலிட்டால் தையல் அடக்கமாக இருக்க வேண்டும். பூவும் இறகும் போட்டால் அந்த இரைச்சலில் காணாமல் போகும். அதன் நட்டநடுவே எனக்கு ஒரு பிழை தென்பட்டது. நீலத் துண்டொன்றை அகம் புறமாகத் திருப்பித் தைத்திருந்தாள்.

“இது தப்பு. உள்பக்கம் வெளிய இருக்கு.”

“தப்பு இல்ல. நல்லாப் பாரு.”

“பாத்துட்டேன்.”

“நீ எங்க பாக்குற? நீ திருத்துற” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

பிரித்துத் தைக்க என்னை அவள் விடவில்லை. நானும் அப்போதைக்கு விட்டுவிட்டேன்.

பிறகு கண்ணாடித்தாளைத் துணிமீது பரப்பி, அதன்மேல் வடிவங்களை வரைந்து பார்த்தேன். முதலில் அலை. இரண்டாவது இறகு. மூன்றாவது நெருக்கமான சிறுகட்டம். தாளில் எல்லாம் அழகாகவே இருக்கும். துணியில் எப்படி அமையும் என்பதற்கு மாதிரி தைத்துப் பார்ப்பதே முறை. ஆகையால் அதே மூன்று அடுக்கில் சிறுசிறு சதுரங்கள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வடிவம் தைத்தேன். மாதிரிச் சதுரத்தைக் கன்னத்தில் வைத்து மென்மை பார்ப்பது வழக்கம். நான் வாயில் வைத்துப் பார்த்தேன்.

அலைத் தையலில் வரிகளுக்கு இடையே பஞ்சு உப்பி நின்றது; ஊடே காற்று தாராளமாக வந்தது. இறகும் ஏறத்தாழ அப்படித்தான். சிறுகட்டம் வேறு வகை. கோடுகள் நெருங்க நெருங்கப் பஞ்சு இறுகும். பஞ்சு இறுக இறுகப் போர்வை விறைக்கும். தளர்ந்த போர்வை உடலோடு வளையும். முழங்கையால் தள்ளினால் போகும். நெருக்கத் தையலிட்ட போர்வையோ விரித்தது விரித்தபடி முரசுத் தோலைப் போல நிற்கும். அடித்துணியையும் அப்போதுதான் மாற்றினேன். முதலில் எடுத்து வைத்திருந்த மெல்லிய பருத்தியை விட்டு, மழைச்சட்டைக்குப் பயன்படும் நெருங்கிய நெசவுத் துணியை வாங்கினேன். புது மாதிரியை வாயில் வைத்தபோது எனக்கே கண் இருண்டது. வேண்டிய வடிவம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். தேடியது கிடைத்தால் யாருக்கும் மகிழ்ச்சிதானே?

தலைப் பக்கத்தில் பஞ்சை இரட்டித்தேன். கட்டத்தையும் அங்கே இன்னும் சிறிதாக்கினேன். பிடித்து இழுத்து இழுத்துப் போர்வையில் முதலில் கிழிவது தலைப் பக்கம்தான் என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாள். சிறுவயது முதலே முகத்தை மூடிக்கொண்டு உறங்குகிறவள் அவள்.

மூன்று அடுக்கையும் ஊக்கு குத்தி இணைத்து, நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கித் தைத்தேன். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழும். இடையில் ஊசி ஒடிந்தது. மிஷின்காரர் வந்தார், தைத்த பகுதியைத் தடவிப் பார்த்தார்.

“என்னங்க இது, போர்வையா பலகையா? ரெண்டு கால் வெச்சா மேசையே ஆயிடும் போல?”

“மேசைக்கு நாலு கால்” என்றேன்.

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பாத்தீங்களா? எங்கக்காகிட்ட கணக்குல கூடத் தப்பிக்க முடியாது!”

அவள் புறப்படவிருந்த வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலை நான் உண்டாக்கவில்லை. அது தானாக வந்தது. எதைச் செய்தேன், எதைச் செய்யவில்லை என்பதில் நான் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். மருத்துவர் இருமலுக்குத் தந்த மருந்து தூக்கம் வரவழைப்பது. பிற்பகலில், சன்னல் வழியே நல்ல வெளிச்சம் இருந்தபோது, அதை ஊற்றிக் கொடுத்தேன். மூடியில் போட்டிருந்த கோட்டை மருந்து தாண்டியது.

“கசக்குது அக்கா.”

“முழுசாக் குடி.”

“போர்வை முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“போத்திவிடு. எப்படி இருக்குன்னு பாப்போம்.”

போர்த்தினேன். கால் பக்கத்தையும் இரு பக்கங்களையும் மெத்தைக்கடியில் ஒழுங்காகச் செருகினேன். முகத்தை அவளே மூடிக்கொண்டாள். உள்ளிருந்து, “கனமா இருக்கு. நல்லாருக்கு” என்றாள். தலைப் பக்க விளிம்பின்மேல் நான் உட்கார்ந்தேன்.

சிறிது நேரம் கழித்துப் போர்வை நடுவில் மேடிட்டது, பிறகு சமமாயிற்று. மீண்டும் ஒருமுறை மேடிட்டது. தையல் எங்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு கட்டமும் கோணவில்லை. உள்ளேயிருந்து ‘அக்கா’ என்பது போன்ற ஓர் ஒலி வந்தது. ‘போன்ற’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அவ்வளவு நெருக்கமான தையலின் ஊடே மெய்யெழுத்துகள் கேட்பதில்லை. அகரமும் ஆகாரமும், அந்த இரண்டு உயிர்கள் மட்டும் வந்தன. பின்னர் அவையும் வரவில்லை.

விரிப்பில் சுருக்கம் இல்லாமல் அவள் படுத்திருந்ததை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

மருத்துவர் வந்தார். பலவீனமான நெஞ்சு, காய்ச்சல் என்றார். வீட்டில் நேர்ந்த சாவு என்பதால் நீங்கள் வந்தீர்கள். உங்களை நான் குறை சொல்லமாட்டேன். எல்லாம் முடிந்த பின்பு, போர்வையை மடியில் வைத்து, நடுவிலிருந்த அந்த நீலத் துண்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இனித் தடுக்க யாருமில்லை அல்லவா? அப்போது மிஷின்காரர் வாசலில் வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது.

“அந்தப் போர்வைய நான் வெச்சுக்கலாங்களா? அவங்க...” என்று தொடங்கியவர் என் கையைப் பார்த்தார். “ஐயோ, அத ஏங்க பிரிக்கிறீங்க?”

“தப்பாத் தெச்சிருக்கா. திருப்பித் தைக்கணும்.”

“தப்பு இல்லைங்க. அது உங்க சட்டை. அச்சகத்துக்கு முதநாள் போட்டுக்கிட்டுப் போனீங்களாமே, அந்த நீலச் சட்டை. வெளிப்பக்கம் வெளுத்துப்போச்சாம். உள்பக்கந்தான் பழைய நிறம் அப்படியே இருக்குன்னு திருப்பி வெச்சாங்க. ‘அக்காவும் நம்மகூட வரட்டும், அவ கண்டுபிடிக்கிறாளான்னு பாக்கலாம்’னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க.”

நான் துண்டைத் திருப்பிப் பார்த்தேன். வெளுத்துத்தான் இருந்தது. ஆயினும் முறை என்று ஒன்று உண்டு. புறம் புறமாகத்தான் இருக்க வேண்டும். சரியாகத் தைத்து முடித்தேன். இப்போது நடுவில் வெளிறிய சதுரம் ஒன்று இருக்கிறது. பிழை இல்லை.

அவர் சொன்னதைக் கேட்டு மனம் கலங்கித்தான் நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நீங்கள் வரச் சொன்னீர்கள், வந்தேன். எழுதியதைக் கையில் கொடுத்து, “ஒரு கையெழுத்து போட்டுட்டா முடிஞ்சுதும்மா, நீங்க வீட்டுக்குப் போகலாம்” என்றீர்கள். அன்போடு சொன்னீர்கள். போட்டிருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் பிழையுள்ள தாளில் நான் வாழ்நாளில் கையெழுத்திட்டதில்லை.

நீங்கள் எழுதியிருப்பது இது: ‘மருந்தின் மயக்கத்தில் அவர் உறங்கினார். போர்வைக்குள் மூச்சு அடங்கியது. உயிர் நீங்கியது. அவருடைய தமக்கை அவர்மீது உயிரையே வைத்திருந்தார்.’

முதல் மூன்று வாக்கியங்களிலும் ஒரே பிழை. மூன்றும் தன்வினையில் இருக்கின்றன. தானாக நடந்தால்தான் தன்வினை வரும். ஒருவர் செய்து நடந்தால் பிறவினை. திருத்துவது எளிது. மூன்று இடத்திலும் உள்ள ஙகர ஒற்றை எடுத்துவிட்டுக் ககர ஒற்றை வையுங்கள். மெல்லினம் போய் வல்லினம் வரும். புள்ளிகூட இருந்த இடத்திலேயே இருக்கும். உறக்கினேன். அடக்கினேன். நீக்கினேன். விகுதி மாறுவதைக் கவனித்தீர்களா? எழுவாயும் மாறுகிறது. எழுவாய் நான்.

பேனாவைக் கொடுங்கள், திருத்தத்துக்கு அருகில் கையெழுத்திடுகிறேன். நான்காம் வாக்கியத்தைத் தொட வேண்டாம். அதில் பிழை எதுவும் இல்லை.