சுமன் வடித்தெடுத்த ஈயம்

சிரட்டைக் கரியை மூன்று தண்ணீரில் கழுவினால் போதும், மஷூர் ஐயா. நான்காவது தண்ணீர் வீண். பத்து வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், பெயர் இந்திரகுமார். நிவித்திகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் வரும் ஓடையின் தலைமாட்டில் ஒரு காலத்தில் யாரோ பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கினார்கள். கொட்டகை போய்விட்டது, ஈயம் போகவில்லை. அதை முதலில் கண்டுபிடித்தவன் நான். மனு எழுதியவன் நான். பீப்பாயில் மணலும் சிரட்டைக் கரியும் போட்டு ஃபில்டர் கட்டியவனும் நான்தான். அது பாதி ஈயத்தைக்கூடப் பிடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஒன்றுமே இல்லாத இடத்தில் அது ஒன்று இருந்தது.

இரண்டாயிரத்து எட்டு மார்ச்சில் சுமன் வந்தான். லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் பிறந்தவன். ஒரே வருடம் ஏ.எல். பரீட்சை எழுதினோம். அவன் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனான், நான் நான்கு புள்ளியில் தவறினேன். இப்போது ஆராய்ச்சிக்காரனாக ஒரு கறுப்புத் தூளோடு திரும்பியிருந்தான். கார்பன் நானோகுழாய் என்றான். ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கலாமாம். தண்ணீரில் இருக்கும் ஈயம் வந்து அவற்றில் ஒட்டிக்கொள்ளுமாம். அவனுடையதும் கரிதான், ஐயா. இதை யாரும் கவனிக்கவில்லை.

தோட்டத்துத் துரை சுமன் வடித்த தண்ணீரில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, "ஹரி ஷோக்" என்று சிங்களத்தில் மெச்சினார். என் பீப்பாயைக் கவிழ்த்துக் கோழி அடைத்தார்கள். லயத்து மருதாயி என் முகத்துக்கு நேரே சொன்னாள்: "கோவிச்சிக்காதீங்க தம்பி, ஒங்க தண்ணியில அடுப்பாங்கரை வாடை. சுமன் தண்ணி எளநி மாதிரி இருக்கு." பக்கத்தில் நின்ற என் மனைவி ஷாமிளாவும் சிரித்தாள். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. மார்ச் எட்டாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்தேகால்.

தூள் நிரம்பிவிட்டால் ஈயம் பிடிக்காது. அதனால் சனிக்கிழமைதோறும் சுமன் அதை அமிலத்தில் கழுவுவான். ஒட்டிய ஈயமெல்லாம் அந்தக் கழுவிய நீரில் இறங்கிவிடும், தூள் புதிதாகிவிடும். கழுவிய நீரைச் சின்னக் கேன்களில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். போர் நடந்த அந்த வருடம் அமிலக் கேனோடு ஒரு தமிழன் சோதனைச் சாவடி தாண்ட முடியுமா என்று உங்களுக்கே தெரியும். கேன்கள் என் மருந்து ஸ்டோரில் அடுக்கப்பட்டன. சாவியும் என்னிடம்தான்.

"மச்சான், இந்த லயம் முழுக்கக் குடிச்சிருக்க வேண்டிய ஈயம் இதுக்குள்ள இருக்கு. ஒன்னத் தவிர யாரையும் நம்பி வைக்க மாட்டேன்" என்றான்.

பேராதனைக்குப் போனவர்களுக்கு நம்புவது சுலபம்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி பேராசிரியர்கள் வந்து தண்ணீர் மாதிரி எடுப்பதாக இருந்தது. அதற்கு முந்தைய இரண்டு வாரமும் சுமன் பேராதனையில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தான். சோதனையில் ஈயத்தின் எண் கொஞ்சம் கூடினால் போதும் என்பதுதான் என் எண்ணம். பதினோராம் தேதி, வடித்த தண்ணீர் சேரும் தொட்டியில் ஒரு கோப்பை ஊற்றினேன். அன்றும் சுமன் தண்ணீரைப் புகழ்ந்தார்கள். மறுநாள் ஒரு கேன். ஒன்பதாம் நாள் இருபத்திரண்டு கேனும் காலி. அவற்றில் பச்சைத் தண்ணீர் நிரப்பி, மூடி, பழையபடி அடுக்கினேன். ஸ்டோர் ஒழுங்காக இருக்க வேண்டும் எனக்கு.

எங்கள் வீட்டுக்கு மட்டும் பத்தாம் தேதியே தூரத்து ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்தேன். ஷாமிளா ஏன் என்று கேட்டாள். "சுமன் தண்ணி எனக்கு ஒத்துக்கல" என்றேன்.

நான்காம் நாளிலிருந்து பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மருதாயி தன் மகள் ரதியைத் தூக்கி வந்தாள். நான்கு வயது. மாத்திரை கொடுத்தேன். நிறையத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

"எந்தத் தண்ணிங்க தம்பி?"

"சுமன் தண்ணிதான். அதுதானே சுத்தம்."

ரதிக்கு வலிப்பு வந்தது. பத்தொன்பதாம் தேதி இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இறந்தாள். மற்றப் பதினொரு பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள், அதையும் எழுதுங்கள்.

மறுநாள் மாதிரி எடுத்தார்கள். எண் நான் நினைத்ததைவிட அதிகம். தொட்டியைப் பூட்டினார்கள். சுமனைக் கல்லால் அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவன் மருதாயி வாசலில் மண்ணில் உட்கார்ந்து, "அக்கா, தூள் ஈயத்தப் புடிச்சு வைக்கல. பிழை எம்மேலதான்" என்றான். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவன் தலையில் கை வைத்தாள்.

"நீ நல்லதுக்குத்தானேப்பா செஞ்ச. எந்திரி."

பத்து வருடமாக அவர்கள் பிள்ளைகளின் புண்ணுக்கு மருந்து கட்டியிருக்கிறேன், ஐயா. என் தலையில் ஒருவரும் கை வைத்ததில்லை.

அதனால்தான் நானாக இந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனச்சாட்சி உறுத்தியது என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். செய்யாத ஒன்றுக்கு அவன் மன்னிப்பு வாங்கிக்கொண்டு போவது முறையல்ல. அந்தத் தொட்டியில் நடந்ததில் அவன் வேலை துளியும் இல்லை. ரதியைக் கொன்றது நான்.

இதை மருதாயிக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு அவளை இங்கே அழைத்து வாருங்கள். அவள் கைக்கு எட்டும்படி நான் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.